அரிசிக் கஞ்சி குடித்த பசு: வாசகி ஒருவரின் கடிதத்துக்குப் பதில்

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு எல்லையில், கொழிஞ்சாம்பாறைக்கும் வேலந்தாவளத்துக்கும் இடைப்பட்ட ஓர் ஊரிலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் ஊரையும் அவர் வேண்டுகோளின்படி தவிர்த்துவிட்டு, கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவர் வீட்டில் மூன்று கலப்பினப் பசுக்கள் இருந்தன. பாலை ஊர் சொசைட்டியில் ஊற்றுகிறார். 50 கிலோ தீவன மூட்டை 1,500 ரூபாயைத் தொட்டபோது, பொள்ளாச்சிப் பக்கமிருந்து ஸ்கூட்டரில் ரேஷன் அரிசி கொண்டுவரும் ஒருவரிடம் கிலோ 12 ரூபாய்க்கு வாங்கத் தொடங்கினார். வைகாசி மாதம் முதல் மாடு ஒன்றுக்கு மூன்று கிலோ அரிசியைக் கஞ்சியாகக் காய்ச்சி ஊற்றி, நான்கு கிலோவாக இருந்த தீவனத்தை இரண்டு கிலோவாகக் குறைத்திருக்கிறார். முதல் மாதம் பால் கூடியது. ஆவணியில் உறவினர் வீட்டுக் கல்யாணத்தில் மிஞ்சிய சோற்றை இரண்டு டிரம்களில் கொண்டுவந்து, மாலையில் மூன்று பசுக்களுக்கும் தொட்டி நிறைய வைத்தார்கள். மறுநாள் விடியற்காலையில் ஒரு பசு எழவில்லை. அடுத்த நாள் இறந்துவிட்டது. "கண்ணேறு" என்றார் ஒருவர். "யாரோ மருந்து வைத்துவிட்டார்கள்" என்றார் இன்னொருவர். "இப்போது ரேஷனில் பிளாஸ்டிக் அரிசி கலக்கிறார்கள், அதுதான் கொன்றது" என்றார் மூன்றாமவர். பிரேதப் பரிசோதனை செய்யாமலே புதைத்துவிட்டார்கள்.

அவர் கேட்பவை இவை. அரிசிதான் காரணமா? என் மாமியார் காலத்திலிருந்து மாட்டுக்குக் கஞ்சி கொடுத்து வருகிறோமே, அப்போது ஏன் ஒன்றும் ஆகவில்லை? மீதமுள்ள இரண்டு பசுக்களில் ஒன்று காலை மாற்றி மாற்றித் தூக்கி வைக்கிறது, ஈரத் தரைதான் காரணமா? சொசைட்டியில் பாலில் தண்ணீர் கலப்பதாகச் சந்தேகப்படுகிறார்கள், என்ன செய்வது? அந்த அரிசி வியாபாரி, "உங்கள் கொட்டகையில் இருபது மூட்டை வைக்க இடம் கொடுங்கள், மாட்டுக்கு வேண்டிய அரிசி இலவசம்" என்கிறார், ஒப்புக்கொள்ளலாமா? கடிதத்துடன் ஐந்து மாதப் பால் சீட்டுகளின் நகலையும் இணைத்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

மூன்று பசுக்களில் ஒன்று போவது என்பது வீட்டு வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு போவது. அதற்கு மேல், ஈன்ற நாள் முதல் பெயர் சொல்லி வளர்த்த உயிர் அது. உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. நீங்கள் அலட்சியத்தால் எதையும் செய்யவில்லை. பசு நன்றாகச் சாப்பிட வேண்டும் என்று நினைத்தே கொடுத்தீர்கள். அதனால்தான் காரணத்தை மழுப்பாமல் சொல்கிறேன்.

பால் சீட்டில் நான் படித்தது

தண்ணீர் கலக்கும் சந்தேகம் உங்களை மிகவும் புண்படுத்தியிருப்பதால் அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் அனுப்பிய சீட்டுகளைத் தேதி வாரியாக மேசைமேல் வரிசையாக வைத்துப் பார்த்தேன். சித்திரையில் கொழுப்பு 4.0, கஞ்சி தொடங்கி மூன்றாவது வாரத்தில் 3.7, ஆடியில் 3.4, ஆவணித் தொடக்கத்தில் 3.2. பக்கத்துக் கட்டத்தில் உள்ள எஸ்.என்.எஃப்., அதாவது கொழுப்பு நீங்கலான திடப்பொருள், தொடக்கம் முதல் கடைசி வரை 8.4-ஐ ஒட்டியே இருக்கிறது. பாலில் தண்ணீர் சேர்த்தால் இரண்டு எண்ணும் சேர்ந்து இறங்கும். கொழுப்பு மட்டும் தனியாக இறங்கியிருப்பதால், பால் பசுவின் மடியிலிருந்தே அப்படித்தான் வந்திருக்கிறது. சொசைட்டிச் செயலரிடம் இந்த இரண்டு கட்டங்களையும் காட்டிப் பேசுங்கள்; மடியிலிருந்து அவர் முன்னிலையில் கறந்த பாலைச் சோதிக்கும்படி கேளுங்கள். கேட்க உங்களுக்கு எல்லா உரிமையும் உண்டு.

கொழுப்பு ஏன் இறங்கியது? பாலின் கொழுப்பு பெரும்பாலும் நாரிலிருந்து வருகிறது. புல்லையும் வைக்கோலையும் பசுவின் முதல் வயிற்றறையான பெருவயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள் நொதிக்க வைக்கும்போது உண்டாகும் அசிட்டிக் அமிலத்தைக் கொண்டுதான் மடி கொழுப்பைச் செய்கிறது. அரிசியில் நார் இல்லை. கிட்டத்தட்ட முழுவதும் மாவுச்சத்துதான். அது கொடுத்த சக்தியில் பாலின் அளவு கூடியது, கொழுப்பு கரைந்தது. பசும்பாலுக்குக் குறைந்தபட்சமாக வகுக்கப்பட்டுள்ள 3.2 சதவீதக் கொழுப்பின் விளிம்புக்கு உங்கள் பால் வந்துவிட்டது.

இப்போது உங்கள் சீட்டு எண்களைக் கொண்டே கணக்குப் போடுவோம். முன்பு மூன்று பசுக்களும் 27 லிட்டர், லிட்டருக்கு 43 ரூபாய், மொத்தம் 1,161 ரூபாய். கஞ்சிக்குப் பின் 30 லிட்டர், லிட்டருக்கு 38 ரூபாய், மொத்தம் 1,140 ரூபாய். மூன்று லிட்டர் அதிகம் கறந்தும் 21 ரூபாய் குறைவு. தீவனச் செலவு 360 ரூபாயிலிருந்து 288-ஆக இறங்கியது உண்மைதான். அதில் 72 ரூபாய் மிச்சம். ஆக, கஞ்சியால் நாளொன்றுக்குக் கிடைத்த லாபம் 51 ரூபாய். அதிலும் விறகுச் செலவையும் நீங்கள் அடுப்படியில் நின்ற நேரத்தையும் நான் சேர்க்கவில்லை. இறந்த பசுவின் விலை 65,000 என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த 51 ரூபாயை ஒரு நாளும் விடாமல் சேர்த்து வைத்தால், அப்படி ஒரு பசுவை வாங்க மூன்றரை ஆண்டுகள் ஆகும்.

பசுவுக்கு என்ன நேர்ந்தது

பரிசோதனை நடக்காததால் நூற்றுக்கு நூறு என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் எழுதிய அடையாளங்கள், அதாவது மாலையில் சோறு தின்றது, இரவு அசை போடாமல் நின்றது, பல்லை நறநறவென்று கடித்தது, இடது வயிறு பிசைந்த மாவு போல அமுங்கியது, புளித்த வாடையோடு சாம்பல் நிறத்தில் கழிந்தது, கண் குழி விழுந்தது, தள்ளாடிப் படுத்தது ஆகிய எல்லாம் சேர்ந்து வயிற்று அமிலநோயைத்தான் காட்டுகின்றன. விஷம் வைத்ததற்கான அடையாளம் எதுவும் உங்கள் கடிதத்தில் இல்லை. அந்தச் சந்தேகத்தை அண்டை வீட்டார் மேல் வளர்த்துக்கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பெருவயிற்றின் அமில கார நிலை (pH) சாதாரணமாக 6-க்கும் 7-க்கும் இடையில் இருக்கும்; எண் குறையக் குறைய அமிலம் கூடுகிறது என்று பொருள். வைக்கோலை மெல்லும்போதும் அசை போடும்போதும் சுரக்கும் எச்சில்தான் அதைக் காக்கிறது. நல்ல கறவைப் பசு நாளொன்றுக்கு 100 லிட்டர் அளவுக்குக்கூட எச்சில் சுரக்கும். அதில் நாம் ஆப்பமாவில் போடும் சோடா உப்பே இயற்கையாகக் கரைந்திருக்கிறது. கஞ்சியை மாடு மெல்லுவதில்லை, உறிஞ்சிக் குடிக்கிறது; அதனால் எச்சிலும் ஊறுவதில்லை. வெந்த அரிசியின் மாவுச்சத்து, வேகாத அரிசியினுடையதைவிட மிக விரைவாகப் புளிக்கும். ஒரே வேளையில் தொட்டி நிறையச் சோறு போனால் சில மணி நேரத்தில் லாக்டிக் அமிலம் பெருகி, அமில கார நிலை 5-க்கும் கீழே போய்விடுகிறது. நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் செத்துப்போகின்றன. உடலின் நீரெல்லாம் வயிற்றுக்குள் இழுக்கப்பட்டு, இரத்தத்திலும் அமிலம் ஏறுகிறது.

கால்நடை மருத்துவப் பணியில் நான் இருந்த காலத்தில், இப்படி வந்த ஒரு பசுவின் வயிற்றுநீரில் ஒரு சொட்டை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தேன். நலமான பசுவின் சொட்டில், சந்தைக் கூட்டம் போல ஓரணு உயிர்கள் சுழன்று ஓடிக்கொண்டிருக்கும். அன்று அந்தக் கண்ணாடித் தகட்டில் ஒன்றுகூட அசையவில்லை. மாட்டுக்குச் சோறு போடுவதைப் பற்றி யார் கேட்டாலும் எனக்கு அந்தத் தகடுதான் கண்ணில் நிற்கிறது.

2024 ஜூன் மாதத்தில் கேரளத்தின் கொல்லம் மாவட்டத்தில் பரோட்டாவையும் பலாப்பழத்தையும் அளவுக்கு மீறித் தின்ற ஐந்து பசுக்கள் இறந்தது உங்கள் ஊர்வரை பேசப்பட்டிருக்கும். அதே நோய்தான். பரோட்டா, பலா, கல்யாணச் சோறு, பொங்கல் என்று பெயர்கள் மாறினாலும் பசுவின் வயிற்றுக்கு எல்லாம் ஒன்றே.

உங்கள் மாமியார் கொடுத்ததும் நீங்கள் கொடுத்ததும் ஒன்றல்ல, சகோதரி. அவர் தாழியில் ஊற்றியது அரிசி கழுவிய கழுநீரும், வடித்த கஞ்சியும், மிஞ்சிய ஒரு பிடிச் சோறும். ஒரு குடும்பத்தின் உலையிலிருந்து அதற்கு மேல் வராது. அந்த நாட்டு மாடு பகலெல்லாம் மேய்ந்துவிட்டு வந்து இரண்டு மூன்று லிட்டர் கறந்தது. நீங்கள் ஊற்றியதோ மூன்று கிலோ அரிசியின் கஞ்சி. கட்டுத்தறியை விட்டு நகராத கலப்பினப் பசுவுக்கு. மூன்று மாதமாக அதன் வயிறு விளிம்பில் நின்றுகொண்டிருந்தது. கல்யாணச் சோறு அதைத் தள்ளிவிட்டது.

பிளாஸ்டிக் அரிசி என்பது வதந்தி. ரேஷன் அரிசியில் நூறு மணிக்கு ஒன்று என்ற கணக்கில் செறிவூட்டிய அரிசி மணியைச் சேர்த்து வந்திருக்கிறார்கள். அரிசி மாவோடு இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 ஆகியவற்றைக் கலந்து அரிசி வடிவில் வார்த்தது அது. நிறத்திலும் மிதப்பதிலும் சற்று வேறுபடலாம். அது உங்கள் பசுவைக் கொல்லவில்லை.

காலை மாற்றி வைக்கும் பசு

இதைத் தள்ளிப்போடாதீர்கள். ஈரத் தரையும் குளம்பைக் கெடுக்கும். ஆனால் நான்கு காலையும் மாற்றி மாற்றித் தூக்குவதும், முதுகை வளைத்து நிற்பதும், குளம்பின் மேல் விளிம்பு சூடாக இருப்பதும் வயிற்று அமிலத்தின் பின்விளைவாக வரும் குளம்பு அழற்சியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அதே சோற்றைத் தின்று பிழைத்த பசு அது என்பதை நினைவில் கொள்ளுங்கள். உங்கள் பஞ்சாயத்துக் கால்நடை மருத்துவரை இந்த வாரமே அழைத்துக் காட்டுங்கள். 1962 என்ற எண்ணில் நடமாடும் மருத்துவ ஊர்தியையும் கூப்பிடலாம். காலம் கடந்தால் குளம்பின் வடிவமே மாறி, அந்தப் பசு எப்போதும் நொண்டும்.

இனி எப்போதாவது ஒரு மாடு தவறுதலாக அரிசியையோ சோற்றையோ நிறையத் தின்றுவிட்டால், நோய் தெரியும்வரை காத்திராமல் அப்போதே மருத்துவருக்குச் சொல்லுங்கள். தொட்டியைக் காலி செய்து வைக்கோல் மட்டும் போடுங்கள். மாடு நின்றுகொண்டு நன்றாக விழுங்கும் நிலையில் இருந்தால், மருத்துவர் வரும்வரை 150 முதல் 200 கிராம் சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்து மெதுவாகப் புகட்டலாம். படுத்துவிட்ட மாட்டுக்கு வாய்வழியாக எதையும் ஊற்றாதீர்கள். நுரையீரலுக்குள் போய் அதுவே உயிரை எடுத்துவிடும். முதல் சில மணி நேரத்துக்குள் வந்தால் மருத்துவரால் காப்பாற்ற முடிகிறது. மறுநாள் காலையில் கூப்பிட்டால் பெரும்பாலும் முடிவதில்லை.

அந்த வியாபாரியும் இருபது மூட்டையும்

ஒப்புக்கொள்ளவே கூடாது. நான் வழக்கறிஞன் அல்லன். ஆனால் எல்லைப்புறத்தில் இருக்கும் எவரும் அறிந்திருக்க வேண்டிய அளவுக்குச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் அட்டைதாரர்களுக்கு இலவசமாகக் கொடுக்கப்படும் அரிசி, மனிதர் உண்பதற்காக ஒதுக்கப்பட்டது. அதை வாங்கி விற்பதும், கடத்துவதும், பதுக்கி வைப்பதும் 1955-ஆம் ஆண்டு அத்தியாவசியப் பொருட்கள் சட்டத்தின்கீழ் குற்றம். அந்தச் சட்டத்தின் 7-ஆவது பிரிவில் ஏழு ஆண்டுவரை சிறைக்கு இடமுண்டு. பொருளையும் ஏற்றிவந்த வண்டியையும் பறிமுதல் செய்ய மாவட்ட ஆட்சியருக்கு அதிகாரம் உண்டு. மத்தியச் சட்டம் என்பதால் எல்லைக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டால் பொருந்தாது என்ற பேச்சுக்கும் இடமில்லை.

மூட்டை அவருடையது, கொட்டகை மட்டும்தான் என்னுடையது என்று நீங்கள் நினைக்கலாம். சோதனைக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது கொட்டகை யாருடையது என்றுதான். அவர் ஸ்கூட்டரில் போய்விடுவார். வீடும் கொட்டகையும் ஓடாது. மாட்டுக்காகத்தான் வாங்கினேன் என்பது உங்கள் நோக்கத்தை விளக்குமே தவிர, குற்றத்தை இல்லாமல் ஆக்காது. இப்போது வீட்டில் அந்த அரிசி மிச்சமிருந்தாலும், ஏற்கெனவே யாராவது வந்து விசாரித்திருந்தாலும், பாலக்காட்டிலோ சித்தூரிலோ உள்ள இலவசச் சட்ட உதவி மையத்தில் ஒரு வழக்கறிஞரைப் பார்த்துப் பேசிவிடுங்கள். பெண்கள் அனைவருக்கும் வருமான வரம்பின்றி அந்த உதவி கிடைக்கும்.

இன்னொன்றும் மனத்தை அறுக்கிறது. அந்த மூட்டையில் இருப்பது, அட்டையை வைத்துக்கொண்டு வாங்காமல் விட்ட குடும்பத்தின் அரிசி மட்டுமல்ல. கைச்செலவுக்காக ஐந்துக்கும் ஆறுக்கும் விற்றுவிட்ட ஏழை வீட்டின் அரிசியும் அதில் உண்டு.

அரிசி ஏன் தொட்டிக்கு வந்தது, எவ்வளவு வரலாம்

அரிசி கால்நடைத் தீவனமாவது உங்கள் ஊரில் மட்டும் நடப்பதில்லை. வியட்நாமிலும் தாய்லாந்திலும் நொய்யும் தவிடும் பன்றிக்கும் வாத்துக்கும் போவது பழைய வழக்கம். நம் நாட்டு நொய் அண்மைக் காலத்தில் வெளிநாட்டுத் தீவன ஆலைகளுக்கும் எத்தனால் ஆலைகளுக்கும் குவியலாகப் போகத் தொடங்கியது. 2019 ஏப்ரல் முதல் ஆகஸ்டு வரை ஏற்றுமதியான நொய் 51 ஆயிரம் டன். 2022-இல் அதே மாதங்களில் 21 லட்சம் டன்னுக்கும் மேல். உள்ளூரில் கிலோ 16 ரூபாயாக இருந்தது 22-ஆக ஏறி, கோழிப்பண்ணைகள் தவித்தபோது, 2022 செப்டம்பரில் மத்திய அரசு நொய் ஏற்றுமதியைத் தடை செய்தது. 2025 மார்ச்சில்தான் அந்தத் தடை நீங்கியது. இதற்கிடையே மக்காச்சோளம் எத்தனாலுக்குப் போய் விலை ஏறியதால், பல்லடத்திலும் நாமக்கல்லிலும் கோழித் தீவனத்தில் நொய் இடம் பிடித்தது. இந்திய உணவுக் கழகத்தின் அரிசியையே 2025-இல் எத்தனாலுக்குக் கிலோ 22 ரூபாய் 50 பைசா விலையில் கொடுத்தார்கள். 2024-25-க்கு ஒதுக்கிய அளவு 52 லட்சம் டன். அந்த ஆலைகளில் மிஞ்சும் உலர்சக்கை இப்போது மாட்டுத் தீவன மூட்டைகளுக்குள் வருகிறது. அரிசிச் சக்கையில் புரதம் 40 சதவீதத்துக்கும் மேல் இருப்பதால் அது நல்ல பொருள்தான். பூஞ்சை நஞ்சு இல்லாமல் இருக்க வேண்டும், அவ்வளவே.

கோழி நொய்யைத் தின்று நன்றாக வளர்கிறது, மாட்டுக்கு மட்டும் ஏன் ஆகாது என்று உங்கள் கணவர் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். கோழி மாவுச்சத்தைக் குடலில் செரிக்கிறது. பசு அதை முதலில் பெருவயிற்றில் புளிக்க வைக்கிறது. அதனால் பசுவுக்கு அரிசி விலக்கு என்று நான் சொல்லவில்லை. அரிசி ஆலையில் பில்லோடு வாங்கிய நொய்யை, வேகவைக்காமல், கொரகொரப்பாக உடைத்து, மற்றவற்றோடு கலந்து கொடுக்கலாம். 100 கிலோ கலவைக்கு மக்காச்சோளம் 20, நொய் 15, கடலை, தேங்காய், பருத்திக்கொட்டைப் புண்ணாக்குகளில் கிடைப்பவை சேர்ந்து 27, தவிடு 35, தாது உப்புக் கலவை 2, சாதா உப்பு 1 கிலோ. தவிட்டில் பாதியாவது எண்ணெய் எடுத்ததாக இருக்கட்டும். அரிசியில் புரதம் 7, 8 சதவீதம்தான், சுண்ணாம்புச்சத்து இல்லை என்றே சொல்லலாம். அதனால் புண்ணாக்கையும் தாது உப்பையும் குறைக்க வேண்டாம். 10 லிட்டர் கறக்கும் பசுவுக்கு இந்தக் கலவை 5 கிலோவை இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுத்தால், அதில் நொய் முக்கால் கிலோ. அதுதான் உங்கள் பசுவின் அளவு.

கஞ்சியை இன்றே நிறுத்திவிடுங்கள். ஆனால் புதிய கலவைக்கு ஒரே நாளில் தாவாமல், இப்போது கொடுக்கும் இரண்டு கிலோவிலிருந்து பத்துப் பதினைந்து நாளில் சிறிது சிறிதாக ஏற்றுங்கள். எப்போதும் வைக்கோல் முதலில், கலவை பிறகு. பால் சில நாள் குறையும், பயப்பட வேண்டாம்.

உண்மையில் உங்கள் செலவைக் குறைக்கப்போவது பசுந்தீவனம். தென்னந்தோப்பு ஒரு ஏக்கர் இருப்பதாகவும் கிணற்றில் கோடையிலும் தண்ணீர் நிற்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மழைமறைவுக் கரிசல் பகுதியில் அது பெரிய வரம். தென்னை நிழலில் கினியா புல்லும், வெயில் விழும் ஓரத்தில் பத்து இருபது சென்ட் கோ-5 கம்பு நேப்பியரும், வரப்பில் வேலிமசாலும் அகத்தியும் வையுங்கள். நேப்பியர் முதல் அறுப்புக்கு 75, 80 நாள் ஆகும். பிறகு 45 நாளுக்கு ஒருமுறை அறுக்கலாம். பசு ஒன்றுக்கு நாள்தோறும் 25 கிலோ பசும்புல்லும் 5 கிலோ வைக்கோலும் கிடைத்தால், கலவையை மேலும் குறைக்க வழி உண்டு.

காப்பீடு பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். மருத்துவரின் பிரேதப் பரிசோதனைச் சான்றும் காதுப் பட்டையும் இல்லாமல் இழப்பீடு கிடைப்பது கடினம். புதைப்பதற்கு முன் பட்டையைக் கழற்றி வைத்திருந்தால் அதையும், இறந்த அன்று நீங்கள் சொசைட்டிக்குத் தெரிவித்ததற்குச் சாட்சி இருந்தால் அதையும் கொண்டுபோய் ஒரு முறை எழுத்தில் விண்ணப்பியுங்கள். நம்பிக்கையை அதன்மேல் அதிகம் வைக்க வேண்டாம். மீதமுள்ள இரண்டு பசுக்களின் 12 இலக்கப் பட்டை எண்ணையும் இன்றே ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்.

அந்த நோட்டிலேயே, கஞ்சியை நிறுத்திய நாளிலிருந்து தினமும் பாலின் அளவையும் கொழுப்பையும் எஸ்.என்.எஃப்.-ஐயும் எழுதி வாருங்கள். பசு நாளில் எத்தனை மணி நேரம் அசை போடுகிறது என்பதையும் கவனியுங்கள். படுத்திருக்கும் மாடு கடைவாய் அசைய நிதானமாக மென்றுகொண்டிருந்தால் வயிறு மீள்கிறது என்று பொருள். மூன்று நான்கு வாரத்தில் கொழுப்பு 3.8-ஐ நோக்கி ஏறத் தொடங்க வேண்டும். ஏறாவிட்டால் அந்தப் பக்கத்தின் நகலை எனக்கு அனுப்புங்கள். குளம்பைப் பார்த்த மருத்துவர் எழுதித் தந்த சீட்டையும் அதனுடன் சேர்த்து அனுப்புங்கள்.